கூலியில்லாத சனிக்கிழமைகள்

என் மகள் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளராக இருந்தாள். சனிக்கிழமைகளில் அவளுக்கு வேறொரு வேலை இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது. அவள் குடியிருந்த சிற்றூரின் விளிம்பில் ஒரு பழைய கால்வாய் ஓடுகிறது. ஒரு காலத்தில் நிலக்கரி சுமந்த படகுகள் போன கால்வாய். இப்போது விடுமுறைக்கு வருகிறவர்களும், படகையே வீடாகக் கொண்ட சிலரும் அதில் போகிறார்கள். கால்வாய் ஓரிடத்தில் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிறது. அந்த இடத்தில் நின்று, படகுகளை ஏற்றி இறக்கக் கைகொடுப்பதுதான் அவளது சனிக்கிழமை வேலை.

அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘லாக்’ என்று பெயர். பூட்டு என்று தமிழில் எழுதினால் பொருந்தாது. எதிரெதிராக நிற்கும் இரண்டு மடைகள் என்று சொல்வதே சரி. மேல் மடைக்கும் கீழ் மடைக்கும் நடுவே கருங்கல்லால் கட்டிய நீண்ட தொட்டி. கீழே போக வேண்டிய படகு, தொட்டி நிறைந்திருக்கும்போது உள்ளே வருகிறது. பின்னாலிருக்கும் கதவை மூடுகிறார்கள். முன்கதவிலுள்ள சிறு பலகையை இரும்புக் கைப்பிடியால் திருகித் தூக்கினால் தண்ணீர் மெல்ல வடிகிறது. தண்ணீரோடு படகும் இறங்குகிறது. இரு பக்கத்து மட்டமும் ஒன்றாகும்வரை கதவை யாராலும் அசைக்க முடியாது. ஒன்றானபின் ஒரு பெண் முதுகைக் கொடுத்துத் தள்ளினாலே போதும்.

இதையெல்லாம் நான் நேரில் பார்த்ததில்லை. மதுரைப் பக்கம் ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசியில் பார்த்தேன். அங்கே காலை, இங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மகள் கைபேசியைக் கல்மேடையில் எங்காவது நிறுத்தி வைத்துவிட்டு, மிதவைச் சட்டையோடு அங்குமிங்கும் நடப்பாள். சில சமயம் அவளது கால் மட்டும் தெரியும். சில சமயம் ஒரு படகின் பச்சை வண்ணம் திரை முழுவதும் நகர்ந்துபோகும்.

முதல் நாளே அவள் எங்களுக்குச் சொன்னது அந்த வேலையின் ஒழுங்கு.

“மொதல்ல கேக்கணும்ப்பா, உதவட்டுமான்னு. வேணாம்னுட்டா கையை பாக்கெட்டுல விட்டுக்கிட்டு நிக்கணும். கேக்காமக் கதவுல கை வச்சா அவங்களுக்குக் கோவம் வந்துரும்.”

“வேணாம்னு சொல்லுவாகளா? சும்மா செஞ்சு தாரதையா?” என்று என் மனைவி கேட்டாள்.

“சொல்லுவாங்கம்மா. கதவைத் தள்ளுறது அவங்களுக்கு ஒரு சந்தோசம்.”

“நல்ல சந்தோசம். எங்க மாமனாரு ஒரு நாளு வேணாம்னு சொல்லிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும், மடைக்கும் சந்தோசத்துக்கும் எம்புட்டுத் தூரம்னு.”

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு.

என் தகப்பனார் டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் நீர்பாய்ச்சி. கண்மாய்த் தண்ணீரை யார் வயலுக்கு எப்போது விடுவது என்று ஊரார் முடிவு செய்வார்கள். மடையைத் திறப்பதும் மூடுவதும், வாய்க்கால்களில் மண்ணை வெட்டி மாற்றுவதும் அவர் வேலை. எங்களுக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு குழி நிலம் கிடையாது. அறுவடையின்போது ஒவ்வொரு வயலிலும் அவருக்கென்று ஒரு கட்டுக் கதிர் ஒதுக்குவார்கள். அது கூலி என்று சொல்லப்படவில்லை. அவர் போகாமல் இருக்க முடியும் என்றும் யாரும் நினைத்ததில்லை.

பெருமழை பெய்த ஓர் ஐப்பசியில் கண்மாய் நிறைந்து கரை கசிந்தபோது, மடையின் அடைப்பு அழுத்தத்தில் இறுகிக்கொண்டது. அந்நாளில் இரும்புச் சக்கரம் கிடையாது. தண்ணீருக்குள் மூழ்கிப்போய்க் கையால் எடுக்க வேண்டும். குடைகளோடு கரையில் நின்றவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இறங்கச் சொன்னார்கள். அவர் மூழ்கினார்; எழுந்தார்; மறுபடியும் மூழ்கினார். கரை உடையவில்லை. அவருடைய காதுகள் போயின. என் மனைவி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு. செவிடான மாமனாருக்குச் சோறு போட்டது, வைத்தியரிடம் அழைத்துப் போனது, அவர் கடைசியாகக் கேட்டதைப் புரிந்துகொண்டு தண்ணீர் கொடுத்தது எல்லாம் அவள்தான். நான் அப்போது கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். கூலியின் கோட்பாடுகள் என் பாடம்.

மகளின் வேலை பற்றிய செய்தி உறவினரிடையே பரவியபோது ஒரு குழப்பம் உண்டாயிற்று. லாக்கில் நிற்கிறாள் என்று என் மனைவி தன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். மைத்துனர் சிம்மக்கல்லில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர். கடையின் இரைச்சலில் எதுவும் அவருக்குப் பாதிதான் காதில் விழும். அன்று மாலையே கூப்பிட்டார்.

“மாப்ள, புள்ளைய லாக்கப்புல வச்சிருக்காங்களாம்ல? என்னய்யா செஞ்சுச்சு? இங்க நமக்கு வக்கீல் இருக்காரு, பேசுவமா?”

லாக்கப் இல்லை என்று விளக்கினேன். அப்படியானால் போலீஸ் வேலையா என்றார். அதுவும் இல்லை என்று, தொட்டியையும் கதவுகளையும் படகுகளையும் பொறுமையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அட, நம்ம மடை. இதுக்கா மாப்ள அம்புட்டுத் தூரம் பறந்து போச்சு?”

கேலியாகத்தான் சொன்னார். என் மனைவி அதன்பின் இரண்டு நாள் அண்ணனோடு பேசவில்லை.

‘வெட்டி’ என்ற சொல்லை இப்போது எல்லோரும் வீண் என்ற பொருளில் ஆள்கிறோம். வெட்டிப் பேச்சு, வெட்டியாகச் சுற்றுகிறான். பழைய ஆவணங்களில் அதற்கு வேறு பொருள்: கூலி கொடுக்காமல் வாங்கும் கட்டாய உழைப்பு. கட்டாயப்படுத்தியவர்கள் மறைந்தபின் அந்தச் சொல் உழைத்தவனின் மேல் ஒட்டிக்கொண்டு, அவன் செய்ததெல்லாம் வீண் என்று சொல்லத் தொடங்கிவிட்டது. இதை நான் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்வேன். மகள் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவள். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும், “வெட்டி வேலைக்கு வந்தாச்சுப்பா” என்றுதான் தொடங்குவாள். வேண்டுமென்றே சொல்வாள். தாத்தாவின் கதை அவளுக்குத் தெரியும். கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு நிற்கும் உரிமைதான் தாத்தாவின் வேலைக்கும் தன் வேலைக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு என்று ஒருமுறை சொன்னாள். என் பாடத்தை அவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

என் மனைவி மாறியது மெல்ல. முதலில் எரிச்சலோடு வந்து உட்கார்ந்தாள். பின்னர் சனிக்கிழமைச் சமையலைச் சீக்கிரமே முடிக்கத் தொடங்கினாள். தொட்டியின் பின்பக்கம், தண்ணீருக்கு அடியில் ஒரு கல்திட்டு இருக்கிறது. இறங்கும் படகு பின்தங்கி நின்றால் அதன் பின்பகுதி திட்டில் ஏறிக்கொள்ளும். முன்பகுதி தண்ணீரோடு இறங்கிப் படகு கவிழும். புதிதாகப் படகை வாடகைக்கு எடுத்து வருகிறவர்களுக்கு இது தெரியாது. அவர்களை முன்னே நகர்த்திக்கொண்டே இருப்பதுதான் மகளின் முதல் கவலை. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என் மனைவிக்கும் அதே கவலை. முகம் தெரியாத வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று தேநீர்க் கோப்பைகளோடு படகின்மேல் சிரித்துக்கொண்டிருக்கும். ஒத்தக்கடையிலிருந்து இவள், “ஏய், பின்னாடி பாருங்கடி, கல்லு, கல்லு” என்று சத்தம் போடுவாள். ஒரு நாள் அந்தச் சத்தம் அங்கே கேட்டுவிட்டது. படகிலிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துக் கை அசைத்தார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று மாலைவரை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அவ்வளவு சிரிப்பை அதற்குப்பின் நான் அவளிடம் பார்க்கவில்லை.

மருமகன் கோயம்புத்தூர்க்காரர், மகள் தானே தேர்ந்துகொண்டவர். வார நாள் ஒன்றில், பகலில் கூப்பிட்டார். அவர் அந்த நேரத்தில் கூப்பிடும் வழக்கமில்லை. தலைவலி என்று வேலையிடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மூளையில் இரத்தக் கசிவு. மருத்துவமனைக்குள்ளேயே நடந்ததால் உடனே பார்த்தார்கள். பலனில்லை. அவர் சொன்ன வரிசையிலேயே இதை எழுதுகிறேன். வேறு வரிசையில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எங்களிடம் விசா இல்லை. அவசரம் என்று கேட்டும், கிடைக்கக்கூடிய நாளுக்கு முன்பே எரியூட்டல் குறிக்கப்பட்டுவிட்டது. அதையும் கைபேசியில்தான் பார்த்தோம். சர்க்கரை டப்பாவில்தான் சாய்த்து வைத்தோம். வேறெங்கும் அதைச் சாய்த்து எங்களுக்குப் பழக்கமில்லை. அவளோடு சனிக்கிழமைகளில் நின்ற முதியவர்கள் சிலர் மிதவைச் சட்டையோடு வந்து பின்வரிசையில் நின்றார்கள். சவப்பெட்டி அங்கிருந்த திரைச்சீலைக்குப் பின்னே நகர்ந்தபோது என் மனைவி கைபேசியை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த மார்கழியில் மருமகன் அஸ்தியோடு மதுரைக்கு வந்தார். பாதியை அந்தக் கால்வாயில் கரைத்துவிட்டதாகச் சொன்னார். மீதியை வீட்டுக்குள் வைக்கும் வழக்கமில்லாததால் பின்புறத்து வேப்பமரக் கிளையில் துணி சுற்றிக் கட்டினோம். சாப்பிட்டபின் தயங்கித் தயங்கி அவர் சொன்னது இது: ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து இருவரும் வீட்டுக்கு நடந்தபோது அவள், தனக்கு ஏதாவது ஆனால் பாதியை இங்கேயும் பாதியைத் தாத்தாவின் மடையிலும் கரைக்கும்படி சொல்லியிருக்கிறாள்.

“மடைன்னா ஷட்டர் தானுங்க அத்தை? கிட்டத்துலதானுங்களே?” என்று கேட்டார். அவர் மீது தவறில்லை. அவர் வீட்டில் மடை என்றால் தண்ணீர் வரும் வழி, அவ்வளவுதான்.

“அங்க வேணாம்” என்றாள் என் மனைவி.

விளையாட்டுக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஆடக்கூடாது என்றாள். வைகை இருக்கிறது, இராமேசுவரம் இருக்கிறது என்றாள். மாமனாரின் காதைப் பற்றி மருமகனிடம் அவளே சொன்னாள். அதுவரை யாரிடமும் அவ்வளவு நேரம் அதைப் பேசியதில்லை. அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தத் தண்ணி ஒரு மனுசனைத் தின்னுருச்சு, மாப்பிள்ளை. அங்க நிக்கக் கூடாதுன்னுதான் இவரைப் படிக்க வச்சாக. இவரு மக நிக்கக் கூடாதுன்னுதான் நாங்க அவளைப் படிக்க வச்சோம். இப்ப சாம்பலாக்கி நானே கொண்டுபோயி அங்க விடவா?”

மகளின் விருப்பம் ஒரு பக்கம். பெற்றவளின் நினைவு மறுபக்கம். இரண்டில் எதையும் குறைவு என்று சொல்ல என்னிடம் அளவுகோல் இல்லை. கிளையிலிருந்த துணிப்பொதி பனியில் நனைந்தது. காலையில் கோலம் போட்டு முடித்ததும் அவள் பின்பக்கம் போய் அதைப் பார்த்துவிட்டு வருவாள். மருமகன் திரும்பிப் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் இட்லி வைத்துக்கொண்டே அவரிடம் கேட்டாள்: “அவ சொன்னதை, சொன்ன மாதிரியே சொல்லுங்க மாப்பிள்ளை.”

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். “‘பாதி தாத்தா மடையில. ஆனா அம்மாட்ட கேளு. அம்மா வேணாம்னா விட்டுரு.’ அப்படித்தான் சொன்னாங்க அத்தை. கடைசி வார்த்தையை நான் உங்ககிட்டச் சொல்லலை. சொன்னா நீங்க வேணாம்னுருவீங்களோன்னு பயந்துட்டேன்.”

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“போவோம். ஆனா, என்னங்க, ஒண்ணு. நம்ம வீட்டுக் கை எதுவும் அந்த மடைச் சக்கரத்துல படக் கூடாது. தொறந்து விடுங்கன்னு ஒருத்தர்கிட்டயும் போயி நிக்கக் கூடாது. தண்ணி ஓடுனாக் கரைப்போம். ஓடலைன்னாத் திரும்பிருவோம்.”

மைத்துனர் காரை எடுத்து வந்தார். அஸ்தி கரைக்கப் பெண்கள் போகும் வழக்கம் இல்லையே என்று மெதுவாக இழுத்தார். பெற்றவள் நான்தானே என்று அவள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கார் திருமங்கலம் தாண்டியது. மடியிலிருந்த பொதியை அவள் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்; வேகத்தடை வரும்போதெல்லாம் சற்றே உயர்த்திக்கொண்டாள்.

கண்மாயில் தண்ணீர் இருந்தது. கரைமேல் கருவேல மரங்களை வெட்டி மண் சாலை போட்டிருந்தார்கள். பழைய மடையின் இடத்தில் சிமெண்ட் மேடை, இரும்புத் திருகு, அதன்மேல் சக்கரம். வாய்க்காலை எட்டிப் பார்த்தோம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ தங்கள் முறைக்குத் திறந்து விட்டிருக்கிறார்கள். என் மனைவி கரையிலிருந்து இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பொதியை அவிழ்ப்பதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும், கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு. நேராகச் சக்கரத்துக்குப் போனவர் எங்களைக் கண்டு நின்றுவிட்டார்.

“சார், என்ன விசயம்?” என்றார்.

மைத்துனர் பதில் சொன்னார். “இந்த ஊரு நீர்பாய்ச்சி மகன்தான் தம்பி இவரு. காலேஜ்ல புரபசரா இருந்தவரு. இவரு மக தவறிப் போச்சு. வெளிநாட்டுல.”

“நீர்பாய்ச்சின்னா, காது கேக்காதே, அந்தத் தாத்தாவா?”

“அவருதான்.”

“எங்க ஐயா சொல்லுவாரு” என்று தொடங்கியவர் மேலே சொல்லவில்லை. எந்த வீட்டுப் பிள்ளை என்று எனக்கு விளங்கிவிட்டது. குடைகளோடு நின்றவர்களில் ஒருவரின் பேரன். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். இறப்புக்கு எல்லோரும் செய்வதுதான். அதற்குமேல் அதில் நான் பொருள் எதையும் தேடவில்லை.

“நான் மூடத்தான் வந்தேன் சார். எங்க முறை முடிஞ்சுபோச்சு. சரி, நீங்க பாருங்க. நான் நிக்கிறேன்.”

மருமகன் வாய்க்காலில் முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்றார். வழக்கப்படி அவர் கையால்தான் கரைக்க வேண்டும். ஆனால் என் மனைவி பொதியை அவரிடம் கொடுக்கவில்லை. புடவையைச் சொருகிக்கொண்டு தானும் இறங்கினாள். அவர் அவளது முழங்கையைத் தாங்கிக்கொள்ள, அவள் சிறிது சிறிதாக விட்டாள். சாம்பல் ஒரு கணம் மிதந்து, சுழன்று, வயல்களை நோக்கிப் போயிற்று. பூ போட்டோம். பாலை ஊற்றினோம். மந்திரம் சொல்ல யாரையும் அழைத்து வரவில்லை.

எல்லாம் முடிந்தபின்னும் அவள் ஏறவில்லை. தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

மேலேயிருந்தவர் தாழ்ந்த குரலில், “மூடிறவாம்மா?” என்று கேட்டார்.

“கொஞ்சம் பொறுங்க தம்பி.”

அவர் பொறுத்தார். வாய்க்கால் ஓரத்தில் ஒரு கொக்கு வந்து இறங்கியது. மைத்துனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மடைமேல் நின்றவர் மறுபடி கேட்டார்; மறுபடியும் அவள் பொறுக்கச் சொன்னாள். அதன்பின் அவர் கேட்கவில்லை. துண்டைக் கையில் பிடித்தபடி, எங்களைப் பாராமல், கீழ் வயல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அந்தத் திசையில் பார்த்தேன். கடைசி வயலின் வரப்பு முழுகி, தண்ணீர் அடுத்தவருடைய நாற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரிந்துதான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் மனைவிக்கு அது தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது தண்ணீர் போகும் வழியை அல்ல, வரும் வாயை.

அந்த வார்த்தையை யாராவது சொல்லியாக வேண்டும். மருமகன் சொல்லக்கூடியவர் அல்லர். மைத்துனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மூடுங்க தம்பி” என்று நான் சொன்னேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் மறுக்கவில்லை. சக்கரம் சுற்றியது, இரும்பு இரும்பில் உரசியது. மடைவாயில் தண்ணீர் முதலில் மெலிந்து, பின் கயிறு போலாகி, பின் சொட்டாயிற்று. வாய்க்காலில் அவளது கால்கள் தெரிந்தன. கணுக்காலில் சேறும், ஒட்டிய ஒரு சாமந்தி இதழும்.

நான் இறங்கிக் கை கொடுத்தேன். அவள் பிடித்துக்கொண்டு ஏறினாள். மடையை மூடியவரைக் கும்பிட்டோம், அவரும் கும்பிட்டார். காரை நோக்கி நடக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் அவள் சொன்னாள்:

“இன்னுங் கொஞ்சம் விட்டிருக்கலாம்ல.”